ஸோட்டெரோ: ஐந்து வருட ஆய்வை அதில் போட்டு வைத்த அனுபவம்

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு மேற்கோள், நாலே வரி. யார் சொன்னது என்று தெரியும், எந்தப் புத்தகம் என்று தெரியும், பக்க எண்தான் இல்லை. முதல் வருடத்தில் படிக்கும்போது வேறொரு மென்பொருளில் குறித்து வைத்தது அது. அந்த மென்பொருள் ஒருநாள் புதிய பதிப்புக்கு மாறியபோது என் குறிப்புகள் ஒரு பக்கமும் புத்தக விவரங்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோயின. எந்தக் குறிப்பு எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்ற தகவல் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. நூலகத்திலிருந்து அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்து வந்து, நானூறு சொச்சம் பக்கத்தையும் விரல் வைத்துப் புரட்டி, மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு அடிக்குறிப்புக்குள் அந்த வரியைக் கண்டுபிடித்தேன். பார்த்தால் அது அந்த ஆசிரியருடைய வரியே இல்லை, அவர் இன்னொருவரிடமிருந்து எடுத்துப் போட்டது. மூன்று நாள் வீணானது கூடப் பரவாயில்லை, ஒருவர் சொன்னதை இன்னொருவர் பெயரில் எழுதிக் கொடுத்திருப்பேனே என்ற நடுக்கம்தான் ரொம்ப நாள் விடவில்லை.

அதனால்தான், படிக்கும் நூல், கட்டுரைகளின் விவரங்களையும் குறிப்புகளையும் சேர்த்து வைக்கும் ஸோட்டெரோ என்ற இலவச மென்பொருளைப் பற்றி எழுதும்போது, 'துணைநூற்பட்டியலை அதுவே போட்டுக் கொடுக்கும்' என்று எல்லோரும் சொல்லும் இடத்திலிருந்து நான் தொடங்கவில்லை. அதைச் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. ஆனால் வரலாறு, சமூகவியல், இலக்கியம், மானிடவியல் மாதிரித் துறைகளில் முனைவர் பட்டத்துக்கு உட்காருகிறவருக்கு உண்மையான சிக்கல் வேறு. முதல் வருடம் படித்ததை ஐந்தாம் வருடம் எழுதுகிறோம். நடுவில் கேள்வி மாறிவிடும், அத்தியாய வரிசை மாறிவிடும், சில சமயம் நெறியாளரே மாறிவிடுவார். அன்றைக்கு எதற்காக அந்த வரியைக் கோடிட்டோம் என்பதை இன்றைக்கு நமக்கு யார் சொல்வது? ஐந்து வருடத்தில் 2,800 பதிவுகள் சேர்த்து, ஆய்வேட்டைக் கொடுத்து முடித்த நிலையில் சொல்கிறேன், அந்த வேலைக்கு நான் பார்த்ததில் இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. குறைகளும் இருக்கின்றன, அதையும் எழுதுகிறேன்.

முதலில் இது யார் செய்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அதன் குணம் அங்கிருந்துதான் வருகிறது. 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில், வரலாற்றுக்கும் புதிய ஊடகத்துக்குமாக இயங்கிய ஒரு மையத்தில் இது பிறந்தது. ராய் ரோசன்ஸ்வைக் என்ற வரலாற்று ஆசிரியர் தொடங்கிய மையம் அது, இப்போது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அப்போது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்குள் ஓடும் ஒரு சின்ன இணைப்பாகத்தான் வந்தது. பெயர் கூட அல்பேனிய மொழியில் 'வசப்படுத்திக்கொள்' என்ற பொருள் வரும் ஒரு வினைச்சொல்லிலிருந்து எடுத்தது. 2008இல், இதே வேலையைச் செய்யும் எண்ட்நோட் மென்பொருளை அப்போது வைத்திருந்த தாம்சன் ராய்ட்டர்ஸ் நிறுவனம், தன் கோப்பு வடிவத்தை ஸோட்டெரோ மாற்றிப் படிக்கிறது என்று சொல்லி அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2009இல் அந்த வழக்கு தள்ளுபடியானது. இன்றைக்கு ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு இதை நடத்துகிறது, மூல நிரல் திறந்தே கிடக்கிறது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஐந்தாறு வருட உழைப்பை ஒரு மென்பொருளை நம்பிக் கொடுக்கும்போது, நாளைக்கு இது மூடப்பட்டால் என் குறிப்புகள் என் கையில் இருக்குமா என்று கேட்க வேண்டும். இதில் இருக்கும். எல்லாம் நம் கணினியிலேயே ஒரு தரவுக் கோப்பாகவும், பிடிஎஃப்கள் ஒரு ஃபோல்டராகவும் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் வேறு வடிவத்தில் வெளியே எடுக்கலாம்.

சரி, பயன்படுத்துவது எப்படி. பிரவுசரில் கனெக்டர் என்று ஒன்றைப் போட்டுக்கொண்டால், ஒரு கட்டுரையின் பக்கத்தில் நிற்கும்போது மேலே ஒரு சின்னப் படம் வரும். புத்தகமானால் புத்தகப் படம், கட்டுரையானால் தாள் படம், தேடல் முடிவுகளானால் ஃபோல்டர் படம். க்ளிக் செய்தால் ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் உள்ளே வந்துவிடும், அனுமதி இருந்தால் பிடிஎஃப்பும் கூடவே வரும். கையில் அச்சுப் புத்தகம் இருந்தால் மந்திரக்கோல் படத்தை அழுத்தி ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டினால் போதும். முதல் வாரத்தில் இதைப் பார்க்கிற எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிப் போடுவது. இருநூறு கட்டுரை சேர்ந்த பிறகு பார்த்தால் பாதிக்கு இதழின் பெயர் இல்லை, சிலவற்றில் ஆசிரியர் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் நிற்கும், ஒரே கட்டுரை மூன்று தடவை இருக்கும். கூகுள் ஸ்காலரிலிருந்து நேராக எடுத்தால் விவரங்கள் அரைகுறையாக வர வாய்ப்பு அதிகம். இதழின் சொந்தப் பக்கத்திலிருந்தோ நூலகப் பட்டியலிலிருந்தோ எடுப்பதுதான் நல்லது.

நான் வைத்துக்கொண்ட பழக்கம் என்னவென்றால், ஒன்று உள்ளே வந்த உடனே ஒரு நிமிடம் அதை உற்றுப் பார்ப்பது. தலைப்பில் முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் தவிர மற்றதெல்லாம் சிறிய எழுத்தில் இருக்கிறதா? ஆங்கிலத் தலைப்புகளை இப்படிச் சேமித்தால், பெரிய எழுத்து கேட்கும் மேற்கோள் நடைக்கு (துணைநூல் விவரங்களைக் காட்டும் முறைக்கு) ஸோட்டெரோவே மாற்றிக்கொள்ளும். தலைகீழாக அது தானாகச் செய்யாது. அப்புறம் மொழி என்ற கட்டம். இதை யாரும் நிரப்புவதே இல்லை. பிரெஞ்சுத் தலைப்புக்கோ, ரோமன் எழுத்தில் எழுதிய தமிழ்த் தலைப்புக்கோ மொழியைக் குறிக்காவிட்டால், சிகாகோ மாதிரி நடைகளில் அதையும் ஆங்கிலம் என்று எண்ணி ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிதாக்கிவிடும். கடைசி வாரத்தில் பட்டியலில் முன்னூறு தலைப்பைக் கையால் திருத்திக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது பழைய நூல்களின் ஆண்டு. நம் துறைகளில் செத்துப்போனவர்களைத்தான் அதிகம் படிக்கிறோம். சமூகவியலாளர் மேக்ஸ் வேபர் 1904-05இல் ஜெர்மன் மொழியில் எழுதியதை டால்காட் பார்சன்ஸ் 1930இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். நாம் படிப்பது அந்த மொழிபெயர்ப்பின் இன்னும் பிந்திய மறுபதிப்பாக இருக்கும். அப்படியே விட்டால் ஆய்வேட்டில் 'வேபர் 1930' என்றோ இன்னும் பிந்திய ஆண்டோடோ வந்து நிற்கும். அவர் 1920லேயே இறந்துவிட்டார்! முதலில் வந்த ஆண்டுக்கென்று நான் பயன்படுத்திய பதிப்புகள் எதிலும் தனிக் கட்டம் இருந்ததில்லை. 'எக்ஸ்ட்ரா' என்ற கட்டத்தில் ஒரிஜினல் டேட் என்று ஆங்கிலத்தில் எழுதி முக்காற்புள்ளி போட்டு ஆண்டைத் தர வேண்டும். ஏபிஏ மாதிரியான நடைகள் அதை எடுத்துக்கொண்டு இரண்டு ஆண்டையும் சாய்கோடு போட்டுக் காட்டும். இது ஒரு ஒட்டுவேலைதான். வரலாற்று ஆசிரியர்கள் செய்த மென்பொருளிலேயே இதற்கு நேரான இடம் இல்லை என்பதில் எனக்கு வருத்தம்.

அடுக்கி வைக்கும் விதம் ஆரம்பத்தில் குழப்பும். கலெக்‌ஷன் என்பது பார்க்க ஃபோல்டர் போலத்தான் தெரியும், ஆனால் ஒரே கட்டுரையை ஐந்து கலெக்‌ஷனில் வைத்தாலும் அது ஒன்றேதான், ஐந்து பிரதி ஆகாது. பாடல் ஒன்றுதான், பத்து பட்டியலில் இருக்கிற மாதிரி. இதைப் புரிந்துகொண்டதும்தான் அத்தியாயத்துக்கு ஒன்று, கோட்பாட்டுக்கு ஒன்று, காலகட்டத்துக்கு ஒன்று என்று குறுக்கும் நெடுக்குமாக வைக்க முடிந்தது. ஒரு பதிவு எங்கெங்கே இருக்கிறது என்று தெரிய, அதைத் தேர்ந்தெடுத்து விண்டோஸில் கன்ட்ரோல் விசையையோ மேக்கில் ஆப்ஷன் விசையையோ அழுத்திப் பிடித்தால் அந்தக் கலெக்‌ஷன்கள் எல்லாம் வெளிச்சமாகும். நாலாம் வருடத்தில் அத்தியாயம் இரண்டையும் நான்கையும் உடைத்து மூன்றாக்கினேன். பழைய முறையில் ஃபோல்டர்களில் வைத்திருந்தால் அழுதே இருப்பேன். இங்கே புதிதாக மூன்று கலெக்‌ஷன் போட்டு, இழுத்து விட்டு, மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது, பழையவையும் அப்படியே இருந்தன.

டேக் விஷயத்தில் கவனம் தேவை. இதழ்ப் பக்கங்களிலிருந்து எடுக்கும்போது அவர்களுடைய குறிச்சொற்களும் தானாகவே கூட வந்து ஒட்டிக்கொள்ளும், கொஞ்ச நாளில் ஆயிரக்கணக்கில் குவிந்துவிடும். செட்டிங்ஸில் போய் அதை நிறுத்திவிடுங்கள். நிறம் கொடுத்த டேக் ஒன்பது வரை வைத்து, எண் விசையால் போடவும் எடுக்கவும் முடியும். நான் நான்கோடு நிறுத்திக்கொண்டேன்: படிக்க வேண்டியது, மேலோட்டமாகப் பார்த்தது, முழுசாகப் படித்தது, அப்புறம் சிவப்பில் ஒன்று, 'மூலத்தைப் பார்க்கவில்லை'. அந்தச் சிவப்பு டேக் மேலே சொன்ன மூன்று நாளின் விளைவு. யாரோ ஒருவர் எடுத்துக்காட்டிய வரியை நான் எடுக்கும்போதெல்லாம் அது போய் உட்காரும், மூலத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் வரை போகாது. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முந்தைய மாதம் சிவப்பை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன், 37 இருந்தன. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து பிடிஎஃப்பை ஸோட்டெரோவுக்குள்ளேயே திறந்து படிக்கலாம், கோடிடலாம், ஓரத்தில் எழுதலாம். 2024இல் வந்த ஏழாம் பதிப்பில் இ-பப் என்ற மின்னூல் கோப்புகளும் சேமித்த வலைப்பக்கங்களும் அதே மாதிரித் திறக்கின்றன. கேட்கச் சாதாரணமாக இருக்கும், எல்லா பிடிஎஃப் செயலியும் இதைச் செய்கிறதே என்று தோன்றும். வித்தியாசம் அடுத்த படியில் இருக்கிறது. படித்து முடித்ததும் 'குறித்தவற்றிலிருந்து நோட்' என்பதைக் கொடுத்தால், நான் கோடிட்ட எல்லா வரிகளும் அதனதன் பக்க எண்ணோடும், நான் பக்கத்தில் எழுதியவற்றோடும் ஒரே நோட்டில் வந்து நிற்கும். அதில் எந்த வரியைத் தொட்டாலும் புத்தகத்தின் அதே பக்கத்துக்கு, அதே மஞ்சள் கோட்டுக்குக் கொண்டுபோய் விடும். அந்த நோட்டை அப்படியே வேர்டு கோப்புக்குள் இறக்கினால் மேற்கோள் குறிப்பும் பக்க எண்ணும் உயிரோடு கூடவே வருகின்றன. வரியும் பக்கமும் பிரிந்துபோக வழியே இல்லை. முதல் தடவை இதைச் செய்து பார்த்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பக்க எண்ணை அது ஊகித்துத்தான் போடுகிறது. முன்னுரையில் ரோமன் எண் போட்ட புத்தகங்களிலும், இதழிலிருந்து தனியாக எடுத்த கட்டுரைகளிலும் சில சமயம் அச்சுப் பக்கத்துக்குப் பதிலாகக் கோப்பின் பக்கம் வந்துவிடும். முதல் கோடு போட்டதும் எண்ணைச் சரிபாருங்கள். தப்பாக இருந்தால் அதன் மேல் இரண்டு க்ளிக் செய்து திருத்தினால், மற்றப் பக்கங்களுக்கும் சேர்த்து மாற்றட்டுமா என்று கேட்கும். இ-பப்பில் பெரும்பாலும் அச்சுப் பக்க எண்ணே இருக்காது, அதற்கு அச்சுப் பிரதியைத்தான் தேட வேண்டும். வெறும் படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் வரியைக் கோடிட முடியாது, சதுரம் போட்டு வெட்டி வைக்கத்தான் முடியும். எழுத்தாக மாற்றும் வேலையை வெளியே செய்துவிட்டு உள்ளே கொண்டுவர வேண்டும். இன்னொன்று, நீங்கள் போட்ட கோடுகள் பிடிஎஃப் கோப்பில் எழுதப்படுவதில்லை, ஸோட்டெரோவின் தரவுக்குள் இருக்கின்றன. நண்பருக்குக் கோப்பை அனுப்பும்போது கோடுகளோடு ஏற்றுமதி செய்து அனுப்புங்கள், ஃபோல்டரிலிருந்து நேராக எடுத்து அனுப்பினால் வெள்ளையாகப் போகும்.

எழுதும்போது வேர்டு, லிப்ரே ஆபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் ப்ளக்-இன் இருக்கிறது. நடைகள் பத்தாயிரத்துக்கு மேல். நான் எழுதியது அடிக்குறிப்பு முறை. முதலில் வந்தது முழு விவரம், அடுத்து வருவது சுருக்கம், இதையெல்லாம் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 214ஆம் அடிக்குறிப்பைத் தூக்கி 30க்கு முன்னால் போட்டால் முழு விவரம் தானாக அங்கே இடம் மாறும். சிகாகோ நடையே 2017 பதிப்பிலிருந்து 'இபிட்' (மேலே சொன்ன அதே நூல்) போடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது, ஆனாலும் என் துறையில் இபிட் வேண்டும் என்றார்கள், நடையை மாற்றினேன், ஒரு நிமிடத்தில் எல்லாம் மாறியது. அதே அத்தியாயத்தை ஒரு இதழுக்குக் கட்டுரையாக அனுப்பியபோது அடைப்புக்குறிக்குள் ஆண்டு போடும் முறை கேட்டார்கள். அதுவும் மாறியது, ஆனால் அடிக்குறிப்புக்குள் நான் என் சொந்த வாக்கியங்களில் எழுதியிருந்த விளக்கங்களை எந்த மென்பொருளும் கட்டுரையின் முதன்மைப் பகுதிக்குள் கொண்டுவந்து பொருத்தாது, அதற்கு ஒரு வாரம் உட்கார்ந்தேன். முன்னூறு பக்கக் கோப்பில் ஒவ்வொரு மேற்கோள் போடும்போதும் முழுவதையும் புதுப்பிக்கப் பார்க்கும், மெதுவாகும். தானாகப் புதுப்பிப்பதை அணைத்துவிட்டு, நாள் முடிவில் ஒரு தடவை புதுப்பித்தால் போதும். அத்தியாயங்களைத் தனித்தனிக் கோப்பாக எழுதிக் கடைசியில் ஒன்றாக ஒட்டினாலும் பட்டியல் சரியாகவே வரும். ஒட்டிய பிறகு ஸோட்டெரோவோடு உள்ள இணைப்பை அறுத்து இறுதிப் பிரதி எடுக்கும்போது மட்டும், அசலை வேறு பெயரில் பத்திரப்படுத்திவிட்டுச் செய்யுங்கள், அறுத்தால் திரும்ப ஒட்ட முடியாது.

ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஸோட்டெரோவில் கடிதம், கையெழுத்துப் பிரதி, நேர்காணல் என்று வகைகள் உண்டு, காப்பகப் பெயரும் அடுக்கு எண்ணும் போடக் கட்டங்களும் உண்டு. ஆனால் இரண்டு வாரம் காப்பகத்தில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோமே, அதை இதற்குள் தள்ளாதீர்கள், தாங்காது. ஸோட்டெரோவைத் தொடங்கிய அதே மையம் 2017இல் ட்ரோப்பி என்று ஒன்றை வெளியிட்டது, அதுவும் இலவசம், காப்பகப் போட்டோக்களுக்காகவே செய்தது. ஒரு கடிதத்தின் ஆறு பக்கத்தை ஆறு படமாக எடுத்திருந்தால் அவற்றை ஒரே பொருளாகச் சேர்த்து, எழுதியவர், பெட்டி எண், தேதி எல்லாம் ஒரு தடவை கொடுத்து, படத்தில் உள்ளதைப் பக்கத்திலேயே தட்டச்சு செய்தும் வைக்கலாம். நான் எப்போதும் முதல் படம் பெட்டியின் மேல் உள்ள சீட்டு, இரண்டாவது கோப்பின் அட்டை, அப்புறம்தான் கடிதம், கடைசியில் உறை இருந்தால் அதன் இரண்டு பக்கமும் என்று எடுப்பேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒரு தேதியைக் கேட்டார், கடிதத்தில் தேதியே இல்லையே, நீங்கள் எப்படி இந்த மாதம் என்று எழுதினீர்கள் என்று. லேப்டாப்பைத் திறந்து உறையின் மேல் பாதி அழிந்த தபால் முத்திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன். பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

களப்பணியும் நேர்காணலும் செய்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் மனதில் வையுங்கள். பேசியவர்கள் சொன்னதை எழுத்தாக்கிய பிரதிகளை, உண்மையான பெயரோடு, இதற்குள் போட்டு இணையச் சேமிப்பிடத்தோடு சின்க் செய்யாதீர்கள். அவர்களிடம் ஒப்புதல் வாங்கும்போது யார் கண்ணுக்கும் போகாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். நேர்காணலை வரிவரியாகப் பிரித்துக் கருப்பொருள் குறிக்கும் வேலைக்கு என்விவோ, அட்லஸ் டிஐ, மேக்ஸ்க்யூடிஏ என்று தனி மென்பொருள்கள் உண்டு, டகெட் என்று இலவசமாகவும் ஒன்று இருக்கிறது. ஸோட்டெரோவை அதற்கு வளைத்துப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். இது படித்ததை வைக்கும் இடம், கேட்டதை வைக்கும் இடம் வேறாக இருக்கட்டும்.

இப்படி சின்க் செய்ய ஸோட்டெரோ தரும் இலவச இடம் 300 எம்பி. இது ஆறே மாதத்தில் தீர்ந்துவிடும், குறிப்பாக ஸ்கேன் செய்த புத்தகங்கள் இருந்தால். ஆனால் அந்த அளவு கோப்புகளுக்குத்தான். பதிவுகளும் நோட்டுகளும் எவ்வளவு இருந்தாலும் இலவசமாகவே சின்க் ஆகும். கோப்புகளுக்குக் காசு கொடுத்து இடம் வாங்கலாம், அல்லது வெப்டேவ் என்ற கோப்புப் பரிமாற்ற வசதி தரும் வேறு சேமிப்பிடத்தை இணைக்கலாம், பலர் சேர்ந்து பயன்படுத்தும் குழு நூலகங்களுக்கு மட்டும் அது செல்லாது. சிலர் ஸோட்டெரோவின் தரவு ஃபோல்டரையே ட்ராப்பாக்ஸ் மாதிரியான இடத்தில் வைத்துவிடுவார்கள். செய்யவே கூடாது, தரவுக் கோப்பு கெட்டுப்போகும் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். அதே போல, சின்க் ஆகிறது என்பதால் காப்புப் பிரதி இருக்கிறது என்று நினைக்காதீர்கள். இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். வாரம் ஒரு முறை ஸோட்டெரோவை மூடிவிட்டு அந்த ஃபோல்டர் முழுவதையும் ஒரு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து வைக்க ஐந்து நிமிடம்தான்.

குறை என்று பார்த்தால் மொழிகளில்தான் பெரிய குறை. ஒரு தலைப்பை மூல எழுத்திலும், ரோமன் எழுத்திலும், மொழிபெயர்ப்பிலும் ஒரே பதிவில் வைத்து மூன்றையும் பட்டியலில் காட்ட வேண்டுமானால் ஸோட்டெரோவில் நேரான வழி இல்லை. ஆசிரியர் பெயரையும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டாக உடைத்துத்தான் கேட்கும். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாதவர்கள் உலகத்தில் எத்தனையோ கோடி பேர். ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றும் சின்னப் பொத்தான் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதை அழுத்தி முழுப் பெயரையும் எழுதினால் காற்புள்ளி போட்டுப் புரட்டாமல் அப்படியே விடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒருவரின் அப்பா பெயரால் அவரைக் குறிப்பிட்ட ஆய்வேடுகள் நிறைய. சட்டத் துறைக்காரர்களுக்கும் தீர்ப்புகளைக் குறிப்பிட இது போதாது. சட்டத்துக்காகவும் பல மொழிக்காகவுமே இதிலிருந்து கிளைத்த ஜூரிஸ்-எம் என்று ஒன்று உண்டு, அவர்கள் அதைப் பார்க்கலாம்.

சின்னதாக ஒரு நல்ல விஷயம், 2019இல் சேர்த்தது. நம் நூலகத்தில் உள்ள ஒரு கட்டுரை பின்னாளில் இதழால் திரும்பப் பெறப்பட்டால், அந்தப் பதிவின் மேல் சிவப்புப் பட்டை வரும், எழுதிக்கொண்டிருக்கும் கோப்பில் அதைக் குறிப்பிட்டிருந்தாலும் எச்சரிக்கும். உளவியல், பொருளியல் பக்கம் இருப்பவர்களுக்கு ரொம்ப உதவும். எனக்கு ஒரே ஒரு தடவை வந்தது, அந்தக் கட்டுரையை ஏற்கெனவே விட்டுவிட்டிருந்தேன்.

யாருக்குச் சொல்வேன் என்றால், முதல் வருடத்தில் இருக்கிறவர்களுக்கு, யோசிக்காமல். மூன்றாம் வருடம் தாண்டி வேறொன்றில் ஆயிரம் பதிவு வைத்திருப்பவர்கள், இப்போது எழுதிக்கொண்டிருக்கும் அத்தியாயத்தை முடித்துவிட்டு மாறுங்கள், நடுவில் மாற வேண்டாம், பழைய வேர்டு கோப்பிலுள்ள மேற்கோள்கள் புதிய மென்பொருளோடு பெரும்பாலும் பேசாது. பட்டியல் மட்டும் போதும், குறிப்பெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதுவேன் என்கிறவர்களுக்கும் இது நல்லதுதான், ஆனால் நோட்டுப் புத்தகத்தின் எண்ணையும் பக்கத்தையும் அந்தப் பதிவின் கீழே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் பாதிப் புத்தகங்களுக்கு அப்படித்தான் செய்தேன்.

போன மாதம் என் தலைப்புக்குப் பக்கத்துத் தலைப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு கலெக்‌ஷனை, 140 பதிவுகள், நோட்டுகளோடும் கோப்புகளோடும் ஏற்றுமதி செய்து அனுப்பினேன். அதில் நான் ஓரத்தில் கேட்டிருந்த கேள்விகள், 'இது சரியில்லை' என்று எழுதியிருந்தவை எல்லாம் அப்படியே இருந்தன, எதையும் நீக்கவில்லை. நாலு நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நான் ஆய்வேட்டில் பயன்படுத்தாமல் விட்ட ஒரு கட்டுரையில் சிவப்பு டேக் அப்படியே இருந்திருக்கிறது, அவர் நூலகத்துக்குப் போய் மூலத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார், எடுத்துக்காட்டியவர் இரண்டு சொல்லை விட்டுவிட்டுத்தான் கொடுத்திருக்கிறாராம், பக்க எண்ணும் வேறாம். பக்கத்தின் போட்டோவையும் கூடவே அனுப்பியிருந்தார். அந்தப் பதிவைத் திறந்து, இரண்டு சொல்லையும் சேர்த்து, பக்கத்தைத் திருத்தி, சிவப்பை எடுத்தேன்.